கரண்ட் போனால் மீன் என்ன செய்யும்?

கரண்ட் போனதும் வீடுகளில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் யாராவது ஒருவர் பால்கனிக்குப் போய், பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். அங்கேயும் இல்லை என்றதும் ஒரு நிம்மதி! அடுத்து மொபைலில் எத்தனை சதவீதம் சார்ஜ் என்ற கணக்கு. பிறகு, ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. இவ்வளவும் முடிந்த பிறகுதான், அதுவும் யாருக்காவது ஞாபகம் வந்தால், ஹால் மூலையில் இருக்கும் மீன் தொட்டியின் முறை வரும். ஏர் பம்ப்பின் 'ர்ர்ர்' சத்தம் நின்றுபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தனை நாள் எரிச்சலூட்டிய சத்தம் நின்றால் காதுக்கு சுகம்தானே?

இரண்டு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க வராவிட்டால், காலையில் இரண்டு மூன்று மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அழும். அப்பா "சண்டே போய் வேற வாங்கலாம்டா" என்பார். அந்த 'வேற வாங்கலாம்' இருக்கிறதே, அதுதான் இந்தக் கட்டுரையின் எதிரி.

தமிழ்நாட்டுக்கு மின்வெட்டு புதுசு இல்லை. 2008-ல் தொடங்கிய அறிவிக்கப்பட்ட மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னையில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்றால், வெளிமாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் மீன் வளர்த்தவர்கள் அந்த வருடத்தோடு தொட்டியைக் காய வைத்துப் பரணில் ஏற்றிவிட்டதும் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. அட்டவணை போட்டு வெட்டும் வழக்கம் இப்போது இல்லை. ஆனால் இரண்டு வகை மின்தடை நிரந்தரமாகத் தங்கிவிட்டன. ஒன்று, பராமரிப்புப் பணிக்காகப் பகலில் நிறுத்துவது. சென்னையில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை, மற்ற ஊர்களில் மாலை வரைகூடப் போகும். இன்னொன்று, புயல். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2018 நவம்பர் 16-ல் கஜா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். வர்தாவின்போதும் மிக்ஜாமின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கஜா அடித்த நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வாரக் கணக்கு.

இந்த இரண்டு வகைக்கும் தேவைப்படும் ஏற்பாடு வேறு வேறு. முதல் வகையில் நேரம் குறைவு, ஆனால் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ஆபீசுக்கும் காலேஜுக்கும் போயிருப்பார்கள். இரண்டாவது வகையில் ஆள் வீட்டிலேயே அடைந்து கிடப்பார்கள், ஆனால் நேரத்துக்கு முடிவே தெரியாது. பேக்கப் வாங்கியும் மீனைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள்தான்.

சரி, மீன் ஏன் சாகிறது? காற்றுக் குமிழியில் இருக்கும் ஆக்சிஜனை மீன் குடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குமிழியிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் கரைவது கொஞ்சம்தான். குமிழி மேலே வந்து உடையும்போது மேற்பரப்பைக் கலக்கி விடுகிறது, அடியில் கிடக்கும் தண்ணீரை மேலே இழுத்து வருகிறது. அப்படி மேலே வந்த தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. பம்ப் நின்றால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். மேற்பரப்பு வழியாகத் தானாகக் கரைவது நிற்காது, ஆனால் மெதுவாகிவிடும்.

இதில் சென்னை மாதிரி ஊர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையக்கூடிய ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் தங்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 மில்லிகிராம்தான். அதே சமயம், சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்கும், அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இது எங்கே போய் முடியும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை :-)

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பல வீடுகளில் இருப்பது இரண்டடித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல், மணல் எல்லாம் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 30 டிகிரியில் அதில் கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன் 380 மில்லிகிராம். அரை கிராம்கூட இல்லை! கடையில் வாங்கிய பத்து கோல்டு ஃபிஷ், அழுக்கு தின்னட்டும் என்று போட்ட ஒரு சக்கர் மீன், ஃபில்டரில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா, அடியில் மட்கிக் கிடக்கும் தீனி, எல்லாம் சேர்ந்து அந்த அரை கிராமுக்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன. அந்த இருப்பில் பாதிக்கு மேல் தீர்ந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்கள் பசி என்று நினைத்துத் தீனி போடுவார்கள். அதைவிடப் பெரிய கெடுதல் அந்த நேரத்தில் வேறு எதுவும் இல்லை. சாப்பிட்ட மீனுக்குச் செரிக்க இன்னும் ஆக்சிஜன் வேண்டும், மிஞ்சிய தீனி அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

வங்கிகள் தங்களிடம் வரும் டெபாசிட்டில் ஒரு பகுதியை ரொக்கமாக ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, ரொக்க இருப்பு விகிதம் என்று பெயர். மீன் தொட்டிக்கு அப்படி யாரும் விதி போடவில்லை. அதனால் தொட்டியை வாங்குபவர்கள் இருப்பு என்பதே இல்லாமல் முழுக்கக் கடன் கொடுத்துவிடுகிறார்கள். பம்ப் ஓடும்வரை பத்து மீனும் ஜோராக நீந்தும். அது பம்ப்பின் தயவில் நடக்கும் வாழ்க்கை என்பது, பம்ப் நின்ற அன்றுதான் தெரியும். ஆகவே, செலவே இல்லாத முதல் பேக்கப், தொட்டியில் மீனைக் குறைப்பது. பத்துக்குப் பதில் நாலு மீன். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. கடைக்காரருக்கு நிச்சயம் பிடிக்காது!

மீன்களிலும் வித்தியாசம் உண்டு. ஃபைட்டர், கௌராமி வகைகளுக்குத் தலைக்குள் ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அவை மேலே வந்து வெளிக்காற்றையே நேரடியாகக் குடித்துக்கொள்ளும். குளத்தில் தண்ணீர் வற்றிச் சேறான பிறகும் விரால் உயிரோடு கிடப்பது இப்படித்தான். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், டெட்ரா, ஆஸ்கார் இவற்றுக்கெல்லாம் அந்த வசதி கிடையாது. வெளிமாவட்டத்தில், அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு, பேக்கப்புக்குப் பணமும் இல்லை என்றால், ஃபைட்டரையோ கௌராமியையோ வளர்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. விரலை நீட்டினால் கூடவே வரும், கோபம் வந்தால் செவுள் மூடியை விரிக்கும். கோல்டு ஃபிஷ்ஷைவிட சுவாரஸ்யமான பிராணி அது என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது செலவு விஷயம். பேக்கப் என்றாலே இருபதாயிரம் ரூபாய் இன்வெர்ட்டர் என்று பலரும் மலைத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. தொட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டியதில்லை. விளக்கு வேண்டாம், சமவெளியில் ஹீட்டரும் வேண்டாம் (ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மன்னிக்கவும்). பெரிய ஃபில்டர்கூட சில மணி நேரம் நிற்கலாம். ஓட வேண்டியது ஒரே ஒரு ஏர் பம்ப். சாதாரண சின்ன ஏர் பம்ப் குடிப்பது 3 வாட் அளவுக்குத்தான். ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரமும் ஓடினால் 72 வாட் அவர். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஒரே மணி நேரத்தில் கிட்டத்தட்ட இதே அளவைத் தின்றுவிடும். அதாவது, ஒரு மணி நேர ஃபேன் காற்றும் மீன்களின் ஒரு நாள் மூச்சும் ஒரே விலை.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மீன் சாவது எவ்வளவு அபத்தம் என்பது புரியும். 150 ஏஹெச் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட் அவர் இருக்கிறது. அதில் மீனுக்கு வேண்டியது ஓரத்தில் ஒரு துளி. ஆனால் இன்வெர்ட்டர் மாட்டிய அன்றைக்கு எலக்ட்ரீஷியன் ஹாலில் ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், பெட்ரூமில் ஒரு ஃபேன் என்று லைன் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மீன் தொட்டியின் பிளக் பாயிண்ட் அந்த லைனில் இருக்காது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். எலக்ட்ரீஷியனை மறுபடியும் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொன்னால் கூலியோடு வேலை முடிந்தது. வீட்டில் ஆள் இல்லாத பகல்நேர மின்தடைக்கும் இதுவே போதும், தானாகவே மாறிக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளுக்கு இன்றைக்கு இருக்கும் வழி 2012-ல் இல்லாதது. யுஎஸ்பி ஏர் பம்ப். மொபைல் சார்ஜர் துளையில் செருகினால் ஓடும், விலை சில நூறு ரூபாய்தான். குடிப்பது 1 முதல் 1.5 வாட். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்கில் உள்ளே இருப்பது 37 வாட் அவர். அதை 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது வீணாவது, அட்டையில் போட்டிருப்பதைவிடக் குறைவாகவே கிடைப்பது எல்லாம் கழித்து 25 வாட் அவர் தேறும் என்று வைத்தாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஓடும். விடாமல் ஓட்டாமல், மணிக்குக் கால் மணி நேரம் என்று விட்டுவிட்டு ஓட்டினால், மீன் குறைவாக இருக்கும் தொட்டியில் இரண்டு நாளைத் தள்ளிவிடலாம்.

பவர் பேங்க்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, தனியாக ஏன் செலவு என்று தோன்றும். புயல் அன்றைக்கு அந்த பவர் பேங்க்குக்கு எத்தனை பேர் போட்டி போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் பாட்டி போனில் கவலையோடு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், அண்ணன் மழை நிலவரம் பார்த்துக்கொண்டே இருப்பான். மீனுக்கா போனுக்கா என்று வரும்போது மீன் தோற்கும், தோற்பதில் தப்பும் இல்லை. அதனால் மீனுக்கென்று ஒன்று, மேலே ஸ்கெட்ச் பேனாவால் 'மீன்' என்று எழுதித் தனியாக இருக்க வேண்டும். புதுசு வேண்டாம். போனுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய பழைய பவர் பேங்க் 1 வாட் பம்ப்புக்குத் தாராளமாகப் போதும். ஒரு எச்சரிக்கை: சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பவர் பேங்கின் குறை, அதைச் செருக ஆள் வேண்டும். பகலில் வீடு பூட்டியிருந்தால்? அதற்கு இரண்டு வழி. ஒன்று, உள்ளேயே பேட்டரி வைத்த ஏசி/டிசி ஏர் பம்ப். பிளக்கில் மாட்டி வைத்தால் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும். யுஎஸ்பி பம்ப்பைவிட விலை கூடுதல், இருந்தாலும் பெரிய தொட்டிக்காரர்களுக்கு நஷ்டமில்லை. இன்னொன்று, 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியவர்கள் வைஃபை ரவுட்டருக்கென்று வாங்கிய சின்ன யுபிஎஸ். அதில் யுஎஸ்பி துளை உள்ள மாடலாக இருந்தால், ரவுட்டரோடு சேர்த்து மீனுக்கும் ஒரு வயர். ஆள் இல்லாத வீட்டில் வைஃபைக்கு ஒரு வேலையும் இல்லை, மீனுக்கு உண்டு.

பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸைத் தூசி தட்டி எடுத்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி, அதாவது 84 வாட் அவர். பார்க்க நல்ல கணக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் 3 வாட் பம்ப்பை ஓட்டுவதற்கு அந்தப் பெட்டி தன் சொந்தச் செலவுக்கே அதைவிடப் பல மடங்கு தின்றுவிடும். பேட்டரியும் பழசாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சை நிறுத்தும். கூடவே ராத்திரி முழுக்க 'பீப் பீப்' வேறு. ஜெனரேட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். 3 வாட் பம்ப்புக்குப் பெட்ரோல் எரிப்பது எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துகிற கதை. வீட்டுக்குள் அதை ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடு மனிதர்களையே கொன்றுவிடும்.

பணமே செலவழிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மூடியைத் திறந்து வைப்பது. ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுவது. அரை மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம். கை வலித்தால், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டு, தொட்டித் தண்ணீரையே நிரப்பி மேலே கட்டித் தொங்கவிட்டால் அது சொட்டிக்கொண்டே இருக்கும். காலியானதும் மறுபடி நிரப்ப வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பவர்கள் கழுத்துவரை தண்ணீர் ஊற்றாமல், கிண்ணம் அகலமாக இருக்கும் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொண்டால் மேற்பரப்பு அதிகமாகும். மீனுக்கு வேண்டியது தண்ணீரின் அளவைவிட, தண்ணீர் காற்றைத் தொடும் அகலம்தான். தீனியை மட்டும் அறவே நிறுத்திவிட வேண்டும். நல்ல உடம்போடு இருக்கும் மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், சில மணி நேர மூச்சுத் திணறலைத் தாங்காது.

இங்கே ஒரு சின்ன சாமானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏர் பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. பம்ப் நின்றதும், தொட்டித் தண்ணீர் அதே டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்ப்புக்குள் போய், அங்கிருந்து பிளக்குக்கும் தரைக்கும் வரலாம். டியூபின் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டினால் காற்று ஒரே திசையில்தான் போகும். காபி குடிக்கிற காசுதான். இல்லையென்றால் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டால் அந்தச் செலவும் மிச்சம்.

இனி அந்த 'வேற வாங்கலாம்' விஷயத்துக்கு வரலாம். வாதம் இப்படிப் போகும்: கோல்டு ஃபிஷ் ஒன்று ஐம்பது ரூபாய், பம்ப்பும் பவர் பேங்க்கும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல். இருபது மீன் செத்தால்தான் முதலே திரும்பும். எதற்கு வீண் செலவு? மேலோட்டமாகப் பார்த்தால் சரியான கணக்கு. ஆனால் இது பொருளின் மாற்று விலையை மட்டும் பார்க்கும் கணக்கு, நஷ்டத்தின் முழு விலையை அல்ல.

தொட்டியில் செத்த மீன் சும்மா கிடக்காது. அழுகும், அமோனியாவாக மாறும், மிச்சமிருக்கும் மீன்களையும் கூட்டிக்கொண்டு போகும். அதைவிட முக்கியம், ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பா மாதிரி இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் தண்ணீர் பல மணி நேரம் தேங்கினால் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒரு புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் மறுபடியும் உருவாகப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வரும் புது மீன்களும், மாற்றுவதற்கு ஆள் இல்லாத தண்ணீரில் விடப்பட்டு, அடுத்த வாரம் ஒவ்வொன்றாகச் சாகும். அப்பா மறுபடியும் கடைக்குப் போவார். மூன்றாவது முறை, 'ராசியில்லை' என்று தொட்டியையே காலி செய்து மணி பிளாண்ட் வைத்துவிடுவார்கள். மூவாயிரம் ரூபாய்த் தொட்டியும் ஸ்டாண்டும் அதோடு முடங்கிப் போகும். இதையெல்லாம் கூட்டினால் ஆயிரம் ரூபாய் பேக்கப் வெறும் பிரீமியம்தான். வண்டிக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறவர்கள், விபத்தே நடக்கவில்லை என்பதற்காக அந்தப் பணம் வீண் என்று சொல்வதில்லையே.

பணக் கணக்குக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. ஒழுங்காகக் கவனித்தால் கோல்டு ஃபிஷ் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய ஜீவன். ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதாலேயே அது ஆறு மாதப் பொருளாகிவிட்டது. குளத்து மீன் ஒரு மூலையில் மூச்சு முட்டினால் இன்னொரு மூலைக்குப் போகும், வாய்க்கால் வழியாகத் தப்பிக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் மீனுக்கு அந்த மூலை இல்லை. அந்த வழியை அடைத்தது கொண்டுவந்து வைத்தவர்கள். அடைத்தவர்கள் ஒரு பம்ப்புக்குப் பொறுப்பேற்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, குறைந்தபட்சக் கடமை.

கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. முதல்முறை தொட்டி வாங்க வருபவருக்குக் கடையில் என்னவெல்லாம் தலையில் கட்டுகிறார்கள்? நீலக் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் முதலை, குமிழி விடும் புதையல் பெட்டி. "அண்ணே, கரண்ட் போனா என்ன பண்றது?" என்று கேட்டால், "ஒண்ணும் ஆகாது தம்பி, மூடியைத் தொறந்து வைங்க" என்பதோடு முடிந்தது. மூடியைத் திறப்பது சரியான யோசனைதான், ஆனால் அது பாதி யோசனை. அதே முதலையின் விலைக்கு யுஎஸ்பி பம்ப் வந்துவிடும். புதுத் தொட்டியோடு அதையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால் கடைக்கும் லாபம், வாங்கியவரும் தொட்டியைப் பரணில் ஏற்றாமல் தொடர்ந்து தீனி, மருந்து, செடி என்று வந்துகொண்டிருப்பார். மீன் செத்தால்தான் வியாபாரம் என்று நினைக்கும் கடை, நீண்ட நாள் வாடிக்கையாளரின் மதிப்பைக் கணக்குப் போடத் தெரியாத கடை.

வீட்டுத் தொட்டியில் போவது நாலு மீன் என்றால், மீனையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குப் போவது முதல். சென்னை கொளத்தூரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் நம்பித்தான் பல ஊர்க் கடைகளுக்கு வண்ணமீன் போகிறது. திருவள்ளூர் மாவட்டம் வரை வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் பெருக்குபவர்கள் இருக்கிறார்கள், அதில் பெண்கள் நிறையப் பேர். பெரிய பண்ணைக்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கும். பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்தான் நடுவில் மாட்டிக்கொள்பவர். குஞ்சுகள் நெருக்கமாக இருக்கும், ஒரே பம்ப்பிலிருந்து எல்லாத் தொட்டிக்கும் டியூப் போகும். அந்த ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு ஒரு யூனிட் 3 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். அப்படித் தொடங்குபவர்கள் திட்ட அறிக்கை எழுதும்போது தாய்மீன், தொட்டி, தீனி என்று தொடங்கி, பேக்கப்பைக் கடைசி வரியில் 'இதர செலவு' என்று நுழைப்பது வழக்கமானால் அது ஆபத்து. ஒரு 12 வோல்ட் பேட்டரியும் அதில் நேரடியாக ஓடும் டிசி ஏர் பம்ப்பும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை. இன்வெர்ட்டர் வழியாக ஏசியாக மாற்றி வீணாக்காமல் பேட்டரியிலிருந்து நேராக ஓடுவதால், அதே பேட்டரி இன்னும் அதிக நேரம் நிற்கும். ஒரு ராத்திரியில் ஒரு ஈட்டுக் குஞ்சு முழுக்கப் போனால், அடுத்த விற்பனைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் தவணை அதுவரை காத்திருக்காது.

கரண்ட் திரும்பி வந்ததும் செய்யக் கூடாத இரண்டு காரியம் உண்டு. பல மணி நேரம் நின்றிருந்த கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே போட்டுவிடக் கூடாது. உள்ளே தேங்கிய கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டிய பிறகுதான் போட வேண்டும். அதே மாதிரி, பதற்றத்தில் மொத்தத் தண்ணீரையும் மாற்றுவதும் கூடாது. கால் பங்கு, அதுவும் குளோரின் போன தண்ணீராக இருந்தால் போதும்.

எந்த ஏற்பாடு வாங்கினாலும் அதைச் சோதித்துப் பார்க்க மின்வாரியமே இலவசமாக நாள் ஒதுக்கிக் கொடுக்கிறது. பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்குக் காலையில் பவர் பேங்க் முழு சார்ஜில் இருக்கிறதா, யுஎஸ்பி பம்ப்பில் குமிழி வருகிறதா என்று பார்த்து, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது என்பதைத் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதித் தொட்டியின் மூடியில் ஒட்டி வைக்கலாம். பேட்டரி வருடா வருடம் தேயும். போன வருடம் 16 மணி நேரம் ஓடியது இந்த வருடம் 9 மணி நேரமாகிவிட்டதா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லிவிடும். அந்தச் சோதனையை செப்டம்பர் கடைசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.